பங்கு எண் பதினேழு

திருப்பூரில் ஒரு ஷிப்டை விட்டுவிட்டு
மூலனூர் வண்டி பிடித்து வந்தேன்.
அம்மா பேரில் பங்கு இருக்கிறதாம்.
அவள் போய் ஆறு வருசம்.

கரட்டுப்புதூர் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம்,
முப்பத்தியொரு உறுப்பினர், அறுபத்திரண்டு ஏக்கர்,
இன்றோடு கலைப்பு.
அலுவலர் பேரேட்டைத் திறந்து வாசித்தார்.
"பொன்னான்."
இருக்கேனுங்க.
"நாகாத்தாள்."
பேரன் வந்திருக்கேனுங்.
"வேலான்."
பாலக்காட்டுல இருக்கறானுங்க, கெடைக்க மாட்டான்.
"ரங்காத்தாள்."
கையைத் தூக்கினேன்.
விரலில் பனியன் பிசிறு ஒட்டியிருந்தது.

கூட்டுப்பண்ணை என்றார்கள்.
அம்மாவுக்கு அது கூலிதான்.
தலைவர் மாறினால்
மோட்டார் ரூம் சாவி கைமாறும்,
அவள் கொத்து மாறாது.

பாதைக்கும் கிணத்துக்கும் நாலு ஏக்கர் சொச்சம் தள்ளி
ஆளுக்கு ஒன்று எண்பத்தேழு.
சங்கக் கடனும் அதே வகுத்தலில்:
நாலாயிரத்து இருநூறு.
கடன் ரசீது கையோடு கிடைத்தது.
பட்டா பின்னால் வருமாம்.

சர்வேயர் செயினை இழுத்துப் போனார்,
கொழுக்கட்டைப் புல்லின் விதை
பேண்டெல்லாம் அப்பிக்கொள்ள.
கல்லில் சுண்ணாம்பால் எண் போட்ட பையனுக்கு
ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி.
பதினேழா பதினொன்றா தெரியாமல்
நானும் நாகாத்தாள் பேரனும்
ஒரே கல்லடியில் நின்றோம்.
"எதாயிருந்தா என்னுங்க,
விக்கத்தானே போறோம்" என்றான்.
மினிடோர் ஓட்டுகிறவன். நல்ல சிரிப்பு.

கிளுவை வேலிக்கு அந்தாண்டை
சோலார் கம்பெனிக்காரர் காரில் ஏசி போட்டிருந்தார்.
உச்சவரம்பில் இந்த நிலத்தை விட்ட
தோட்டத்துக்காரர் வீட்டுப் பசங்க
பைக்கை நிறுத்தி
யாருக்கு எந்தக் கல் என்று
நிதானமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

பொன்னான் மாமன்தான் வாயைத் திறந்தது.
"கெணறு யாருக்குங்க?"
பொது.
"மோட்டாரு?"
பொது.
"ஈபி கார்டு யாரு பேர்லீங்க இருக்குது?"
அலுவலர் தாளைப் புரட்டினார்.
இன்னொரு தடவை புரட்டினார்.
சங்கத்தின் பேரில்.
பேர் மாற்ற முப்பத்தியொரு கையெழுத்து வேண்டும்,
சங்கத்தின் முத்திரையும் வேண்டும்.
அந்த ரப்பர் முத்திரையைப்
பத்து நிமிசம் முன்னால்தான்
அவரே பிளேடால் கீறிப் பையில் போட்டிருந்தார்.

மாமன் எழுந்து போய் ஸ்டார்ட்டரை அமுக்கியது.
இல்லாத சங்கத்தின் பேரில்
தண்ணீர் வந்தது.
எந்தப் பங்குக்கு முதல் மடை என்று
ஒருத்தரும் சொல்லவில்லை.
அதுபாட்டுக்குப் பழைய வாய்க்காலில் ஓடி
எங்கள் கல்லடியில் தேங்கி
சுண்ணாம்பைக் கரைத்தது.

திங்கட்கிழமை எல்லோரும் மறுபடி வரணுமாம்,
வேலானையும் தேடிப் பிடித்து.
சூப்பர்வைசருக்குப் போன் போட்டு
இன்னொரு ஷிப்ட் லீவு கேட்டேன்.
எதுக்கு?
"சங்க வேலைங்க."
கொஞ்ச நேரம் மிஷின் சத்தம் மட்டும்.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"எந்தச் சங்கம்?" என்றார்.