நாற்பத்தொன்பதாம் பக்கம்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
தேங்காய் லாரி நிற்கும்.
கோழி ஏற்றிய டெம்போ தார்ப்பாயைத் தூக்கிக் காட்டும்.
ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அது மட்டும்
யாரிடமும் சீட்டுக் காட்டாமல்
மாநிலம் தாண்டிப் போகிறது.

நான் அதன் சீட்டைப் பார்க்க வந்தவள்.
கையில் மீட்டர், தோளில் செம்பு மின்வாய்,
பையில் விதிப்புத்தகமும் விறைத்துப்போன இரண்டு இட்லியும்.

துரு பிடிக்காமலிருக்கக் குழாய்க்கு
மண்ணுக்குள் கொஞ்சம் மின்சாரம் வேண்டும்.
மைனஸ் புள்ளி எட்டு ஐந்துக்குக் குறையக் கூடாது என்பது விதி.
கம்பெனிக் கணக்கில் பதினான்கு மாதமாய்
புள்ளி ஒன்பது இரண்டு, புள்ளி ஒன்பது இரண்டு,
ஒரே மை, ஒரே சாய்வு.
கரிசலில் தண்ணீர் ஊற்றி மின்வாயை ஊன்றினேன்.
புள்ளி ஆறு ஒன்று.
பேட்டரியை மாற்றினேன்.
புள்ளி ஆறு ஒன்று.

"வேனல் அல்லே மேடம், மண்ணு உணங்கிப் போயி"
என்றார் மானேஜர் ஷிபு குரியன்.
இளநீர் வெட்டி வைத்திருந்தார்கள்.
குடிக்கவில்லை. நல்ல தாகம்.

ரோந்துப் பதிவேட்டைக் கேட்டேன்.
கொழிஞ்சாம்பாறை ஆபீசில் அதற்குச் சாவி தேட
ஒரு மணி நேரம் ஆயிற்று.
தினமும் ஒன்பது கிலோமீட்டர்
நடந்திருக்கிறார் நாச்சிமுத்து.
பிப்ரவரி முப்பதாம் தேதியும்
நடந்திருக்கிறார்.

பின்னோக்கிப் புரட்டினேன்.
நாற்பத்தாறு வரை ஒரு கை:
தமிழில், எழுத்துக்கு எழுத்து உழுததுபோல.
அடுத்தது நாற்பத்தொன்பது, வேறு கை, இங்கிலீஷில் 'நார்மல்'.
நடுவே தையல் நூலில்
நகத்தளவு காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜன்னலோரம் போய்
நாற்பத்தொன்பதை வெயிலுக்குச் சாய்த்தேன்.
'நார்மல்' என்ற நீல மைக்கு அடியில்
மையில்லாமல் எழுந்து வந்தது:

நூத்திப்பதினாலாம் கம்பம். கடலைச்செடி பழுத்து நிக்குது.
பக்கத்துக் காடு பச்சை.
குனிஞ்சா சீறுற சத்தம். மூணாந்தடவை சொல்றேன்.

ஷிபு குரியன் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

நூற்றுப்பதினான்கில் கடலை இல்லை.
உழுது போட்டிருந்தது.
"வெள்ளாமை வைக்காம இருக்கப் பணம் குடுக்கறாங்க, கண்ணு.
நல்லதுதானேன்னு விட்டுட்டேன்"
என்றாள் காட்டுக்காரி வேலாத்தாள்.
அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது.
ஊருக்குள் அனுப்பும்போதுதான் நாற்றம் கலப்பார்கள்.
இங்கே மூக்கால் ஆவது ஒன்றுமில்லை.
என் கருவி கத்த ஆரம்பித்தது.
அவள் அடுப்பு பற்றவைக்கப் போய்க்கொண்டிருந்தாள்,
கையில் தீப்பெட்டி.
அவ்வளவு வேகமாக நான் ஓடியதேயில்லை.

அன்று மாலையே எழுத்தில் உத்தரவு:
அழுத்தத்தைக் குறை. தோண்டு. வெட்டி மாற்று.
மற்றது விசாரணைக்குப் போனது.
கொச்சியிலிருந்து வந்த வக்கீல்
பிப்ரவரி முப்பதை 'எழுத்தர் பிழை' என்றார்.
நான் பதிவேட்டை நீட்டி,
விளக்கை அணைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னேன்.
வாரியத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.
முழுசாக, இரண்டு முறை.

அபராதம் போட்டார்கள்.
அந்தக் குழாயில் நாற்பது நிமிஷம் ஓடும் சரக்கின் விலை.
பஸ்ஸில் வரும்போது டிக்கெட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன்,
தப்பாக இருக்குமோ என்று மறுபடியும் போட்டேன்.

நாச்சிமுத்துவை ஒழலப்பதியில் கண்டுபிடித்தேன்.
மூன்றாந்தடவை சொன்ன மறுநாளே அனுப்பிவிட்டார்களாம்.
லாரிக்கு இளநீர் எண்ணிக்கொண்டிருந்தார்.
பக்கத்தைக் கிழித்ததைச் சொன்னேன்,
படித்ததைச் சொன்னேன்.
எண்ணிக்கை விட்டுப்போய்
முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"எனக்குக் கை கொஞ்சம் அழுத்தம்ங்க.
நோட்டு ஓட்டையாவுதுன்னு
பள்ளிக்கூடத்துல அதுக்கே அடி வாங்கிருக்கேன்."

இருபத்தேழு, இருபத்தெட்டு.
ஒன்றை எடுத்துச் சீவி என்னிடம் நீட்டினார்.
அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.
குடித்தேன்.