ஆற்றுக்கு நேரம் எழுதவில்லை

டாக்காவில் வண்டி ஏறும்போதே
தொஃபஸ்ஸல் சட்டைப்பையில் இரண்டு கால அட்டவணை.
ஒன்று ரயிலுடையது, அச்சடித்தது.
மற்றது சூரியனுடையது,
அவரே பென்சிலால் எழுதியது:
டாக்கா ஆறு பதினொன்று
டாங்காயில் ஆறு பன்னிரண்டு
சிராஜ்கஞ்ச் ஆறு பதிமூன்று
சாட்மொஹர் ஆறு பதினைந்து.
மேற்கே போகப்போக
ஊருக்கு ஒரு நிமிஷம் நோன்பு நீளும்.
வண்டி தாமதித்தால்
எந்த ஊர் அந்தி நம் தலையில் விழும் என்று
எந்தச் சுற்றறிக்கையும் சொல்வதில்லை.

சமையல் பெட்டியில் லுத்ஃபரின் எண்ணெய் கொதிக்கிறது.
டப்பாவுக்கு மூன்று பியாஜு,
ஒரு கத்தரிக்காய் பஜ்ஜி,
கொண்டைக்கடலை ஒரு பிடி, பொரி இரண்டு பிடி,
பேரீச்சை இரண்டு, ஜிலேபி ஒன்று.
விற்ற கூப்பன் நானூற்றுப் பன்னிரண்டு.
கட்டுகிற டப்பா நானூற்று முப்பது.
நின்றுகொண்டே வருகிறவர்கள்
கணக்கில் வரமாட்டார்கள், கண்ணில்தான் வருவார்கள்.

இத்தனைக்கும் உப்புப் பார்க்க ஒரு நாக்கில்லை.
நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்பார்கள் சிலர்.
லுத்ஃபர் ஒப்பவில்லை.
"பிமலைக் கூப்பிடு."

பிமல் மண்டல் தட்டுகளை இறக்கிவைத்து வந்தார்.
பத்துப் பட்டினி வயிறுகளுக்கு முன்னால்
கூச்சப்பட்டு,
சுவர்ப்பக்கம் திரும்பி நின்று
ஒரு கரண்டிக் கடலை தின்றார்.
"சரியா இருக்கு."
அந்த இரண்டு சொல்லை நம்பி
நானூற்று முப்பது மூடிகள் மூடின.

ஜமுனாப் பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது.
சிவப்பு.
எதற்கென்று யாருக்கும் தெரியாத சிவப்பு.
ஐந்து ஐம்பது. ஆறு. ஆறு நாலு.
சாட்மொஹரில் திறக்க வேண்டிய நோன்பு
இனி இந்தப் பக்கமே.
இரண்டு மூன்று நிமிஷம் போயிற்று.
நிமிஷம் என்றால் அவருக்கு ஒரு பெட்டி.
முன்னாலிருந்து ஆறு பேர், பின்னாலிருந்து நான்கு பேர்,
போதாததற்கு மேனேஜரும் தோளில் தட்டு ஏற்றினார்.

அங்கே பெட்டிகளுக்கு எண் இல்லை, எழுத்து.
முதல் நான்கையும் தமிழில் எழுதினால்
க, க, க, க.
வங்காள நாக்குக்கு நான்கும் வேறு வேறு.
அவர் போனது நான்காம் க.

வண்டி அசைந்தது. பாலம் ஏறியது.
ஒரு பையன் கைபேசியில் பாங்கு ஒலித்தது.
பேரீச்சை உதடுவரை போயிற்று.
"அது டாக்கா பாங்கு, தம்பி.
நாம டாக்காவிலேயா இருக்கோம்?"
எதிர் இருக்கைப் பெண்
குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டே கேட்டாள்.
பழம் அங்கேயே நின்றது.

கிழக்குக் கரையில் பன்னிரண்டு.
மேற்குக் கரையில் பதிமூன்று.
கீழே தண்ணீர், மணல்திட்டு,
திட்டின்மேல் சாயம் போன வானம்.
தொஃபஸ்ஸல் தாளை எடுத்துப் பார்த்தார்.
ஆற்றுக்கு நேரம் எழுதவில்லை.

எல்லா முகமும் அவர் பக்கம்.
"பாய், ஆச்சா?"

அவர் ஆலிம் இல்லை.
அவருக்குத் தெரிந்தது எண்ணெயின் விலை,
ஐஸ் எந்த நிலையத்தில் ஏறும்,
எந்தப் பையன் சில்லறையில் கை வைப்பான்.
தட்டில் ஒரே ஒரு டப்பா பாக்கி.
ஜன்னலைப் பார்த்தார். பையனைப் பார்த்தார்.

"ஆச்சு."

பெட்டி முழுக்கத் தண்ணீர் மூடிகள்
ஒரே நேரத்தில் திருகின சத்தம்.

மிச்சப் பதினெட்டு டப்பா
கழிவறை ஓரம் நின்றவர்களிடம் போயிற்று.
பேரேட்டில்: சேதாரம், 18.

ஏழரைக்கு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
ஆறிய கடலையை வாயில் போட்டார் தொஃபஸ்ஸல்.
மென்றார். நிறுத்தினார்.
"பிமல், இதில உப்பு எங்கே?"

பிமல் தலையைச் சொறிந்தார்.
"வீட்டுக்காரிக்கு பிரஷர்.
நாலு வருஷமா எங்க வீட்டுல இவ்வளவுதான்."

லுத்ஃபர் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.
புகார்ப் புத்தகத்தில் அன்று ஒரே வரி,
கையெழுத்துக் கோணல், வண்டி ஆட்டம்:
'கடலையில் உப்பில்லை. நேரத்துக்கு வந்தது.'

பதில் எழுதும் கட்டத்தில்
தொஃபஸ்ஸல் எழுதினார்:
'இரண்டும் உண்மை.'
நாளைய சாமான் சீட்டில்
ஐந்நூறு உப்புப் பொட்டலம், தனியாக.