பிள்ளைக்கு எத்தனை வயசு?

ஓர்ஸ் ஹில் பாமசிக் கண்ணாடியில்
பசை உரிந்த ஒரு துண்டு:
பியானோ வகுப்பு, சிறுவர், பெரியோர்.
கடைசி இலக்கம் மழையில் கரைந்திருந்தது.
மூன்றா, எட்டா?

மூன்றுக்கு எடுத்தேன்.
மூதூரில் யாரோ
கோழித்தீன் விலை சொன்னார்.

எட்டில் ஒரு இளம் குரல்:
"பிள்ளைக்கு எத்தனை வயசு?"
பின்னால் யாரோ
ஒரே இடத்தில் பிழைவிட்டு
மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தார்கள்.
"ஐம்பத்திரண்டு" என்றேன்.

சிரிக்கவில்லை.
"விரல் எல்லாம் மடங்குமா?"

ஐஸ் கொம்பனியில் முப்பது வருடம்.
வலது சுண்டுவிரல் மட்டும்
மே மாத வெயிலிலும் விறைத்தே நிற்கும்.
சொன்னேன்.

"அதுக்கும் ஒரு கட்டை இருக்கு.
சனிக்கிழமை வாங்கோ, ஷெரீன் பார்த்தலட் வீடு எண்டு கேளுங்கோ.
கேற்றடியில மான் படுத்திருந்தா
விரட்டாதேங்கோ,
சுத்தி வாங்கோ."