சாயங்காலச் சுண்டல்

பினாங்கு ரோட்டில் மூடப்போகிற கடை.
எல்லாம் பாதி விலை என்று சிவப்பு அட்டை.
கண்ணாடி அலமாரியின் கடைசித் தட்டில்
மூன்று புட்டிகள், ஒரே ஜாதி,
கழுத்தில் தூசி படிந்த கறுப்பு ரிப்பன்.
"அது அந்தக் காலத்து ஆட்கள் போடுவது, அக்கா,"
என்றாள் விற்கிற பெண்.
அவள்மேல் வனிலா கேக் வாசம்.
மூன்றையும் கொடு என்றேன்.
நூற்று எண்பது வெள்ளி.

மூடியைத் திருகினால் முதலில் சம்பங்கி.
பின்னால் மல்லி. அதற்கும் பின்னால்
பெயர் வைக்க முடியாத ஒன்று,
வெண்ணெய் மாதிரி,
கழற்றிப் போட்ட பட்டு ரவிக்கை மாதிரி,
மூன்றாம் நாள் பூச்சாடித் தண்ணீர் மாதிரி.
வெள்ளைப் பூவுக்குள் ஒரு துளி அழுகல் உண்டு.
அதை எடுத்துவிட்டால் சோப்பு.

சம்பங்கிக்கு மலாயில் சுண்டல் மாலாம்.
பட்டர்வொர்த்தில் பள்ளிக்கூடம் போன வயதில்
சாயங்காலம் விற்கும் சுண்டல் என்றே நினைத்திருந்தேன்,
தேங்காய்ப்பூ தூவி, மாங்காய் கீறிப் போட்டு.
இராத்திரி வேசி என்று அர்த்தம் சொன்னவள்
பக்கத்து இருக்கை நோர்லைலா.
சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.
ஒரு வாரம் சிரித்தோம்.

ஏன் வாங்கினாய் என்றால்
பெரிதாய் ஒன்றுமில்லை.
அதற்கு முந்தின ஞாயிறு
சித்தப்பா மகள் கல்யாணம்.
சந்தனம் வந்தது, கற்கண்டு வந்தது,
மல்லிகைத் தட்டு வந்து
என் முன்னால் ஒரு நொடி நின்று
அடுத்த நாற்காலிக்குப் போனது.
விவாகரத்தானவளுக்குப் பூ உண்டா இல்லையா,
எந்த ஏட்டிலும் எழுதவில்லை போலும்.
தட்டேந்திய பெண் பாவம், கை நடுங்கியது.
நான் கற்கண்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

தலையில் வைத்தால் கண்ணுக்குத் தெரியும்.
இது மணிக்கட்டில் இரண்டு சொட்டு,
காதுக்குப் பின்னால் ஒன்று.
யாரும் தட்டை நீட்ட வேண்டியதில்லை.

ஓட்டல் மதுக்கூடத்தில் கல்லாப்பெட்டி என் வேலை.
லிஃப்டில் கூய் இம் மூக்கைச் சுருக்கி
"யார் வீட்டில் சாவு?" என்பாள்.
காய்கறி இறக்கும் நம் ஆட்கள்
"எங்கேம்மா கல்யாணம்?" என்பார்கள்.
இரண்டுக்கும் ஒரே பதில், சிரிப்பு.

கணக்கு மூட மூன்று மணியாகும்.
ஜெலுத்தோங்கில் என் அடுக்குமாடி,
காற்று திரும்பினால் குப்பைமேட்டு நாற்றம்.
காவலுக்குப் புதிதாய் வந்தவர் ஷுக்ரி,
பாலிங்காரர், ரப்பர்க் காட்டு ஓரத்தில் வளர்ந்தவர்.
அவருடைய முதல் இரவு மின்சாரம் இல்லை.
வாசனை முன்னே போனது, நான் பின்னே,
கூந்தலை வேறு அவிழ்த்து விட்டிருந்தேன்.
நாற்காலி விழுந்த சத்தம்.
பிறகு கைப்பேசியில் ஓதும் குரல், முழு ஒலியில்.
"நான்தான், ஒன்பதாம் மாடி," என்றேன்.
எல்லாப் பொந்தியானாக்கும் அப்படித்தான் சொல்லும்
என்றது அவர் நின்ற விதம்.
கால் தரையில் படுகிறதா என்று
டார்ச் அடித்துப் பார்த்தார்.
செருப்பைத் தட்டிக் காட்டினேன்.

ஒரு மாதத்தில் பழகிவிட்டது.
வாசனை தெருமுனை திரும்பும்போதே
தடுப்புக்கட்டை உயரும்.
நான் உள்ளே வருவதற்குள்
லிஃப்டைக் கீழே வரவழைத்து வைத்திருப்பார்.
முகத்தை மட்டும் பார்க்க மாட்டார்,
தலை குனிந்தே ஒரு சலாம்.

ஐப்பசி மழை. சளி. மூக்கடைப்பு.
போட்டும் எனக்கே தெரியாதே என்று
இரண்டு நாள் போடவில்லை.

கட்டை உயரவில்லை.
டார்ச் வெளிச்சம் நேரே முகத்தில்.
அடையாள அட்டை கேட்டார்,
பெயரை எழுத்துக் கூட்டினார்,
வருகையாளர் ஏட்டை நீட்டினார்.
கட்டிய தொண்டையில் "ஒன்பதாம் மாடி," என்றேன்.
அட்டையைத் திருப்பித் தந்தவர்
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"அங்கேதானே அந்த வாசனை அக்கா?
இரண்டு நாளாய்க் காணோம்.
உடம்பு ஏதும் சரியில்லையா?"

"சளி," என்றேன்.
"திங்கட்கிழமை வந்துவிடுவாள்."

"இஞ்சி தட்டிப் போட்டுக் குடிக்கச் சொல்லுங்கள்."

சொல்கிறேன் என்றேன்.
லிஃப்ட் பதினாறில் நின்றிருந்தது.
பொத்தானை நானே அழுத்தினேன்.