சமக்குறி

லியெபாயாவில் பால்டிக் காற்று
ஜன்னல் ரப்பரை உரித்துப் பார்க்கும் ஜனவரி.
பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
நகர வெப்பக் கழகத்தின் இரண்டாம் மாடியில்
அவுஸ்மா முழங்காலில் கோட்டைப் போர்த்திக்கொண்டு
ஒட்ட மறுத்த துண்டுகளைப் படிக்கிறாள்.

நாற்பத்தொன்று.
போன மாதம் இருபத்தாறுதான்.

கர்னல் மாதாமாதம் நடந்துவிடுகிறது.
காவல் ஒட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது,
பேருந்து போன பின்னும்
நிறுத்தத்தில் யாரோ மறந்த குடை மாதிரி.

அதை எழுதியவர்கள் ஒரு வசந்தத்தில் கதவடைத்தார்கள்.
இனிக் காசு கொடுப்பவர்க்கு மட்டும்.
அவளால் கோபிக்க முடியவில்லை;
வருடக்கணக்கில் இனாமாய் எழுதியவனுக்கும்
வாடகை உண்டு, பல்வலி உண்டு.
கழகம் விலை கேட்டது.
கேட்டுவிட்டு, அந்தப் பணத்தில்
குழாய் வாங்கியது.
குழாயும் வேண்டியதுதான்.

கடைசிப் பொதுப் பிரதியை அவள் எடுத்து வைத்தாள்.
எடுத்து வைப்பதில் என்ன இருக்கிறது,
ஒரு சொடுக்கு.
அதற்குப் பிறகுதான் இந்த இரவுகள்:
ஒரு செயற்கூறு பெயர் மாற்றிக்கொண்டிருக்கும்,
ஒன்று வேறு கோப்புக்குக் குடிபோயிருக்கும்,
இன்னொன்று போன இடமே தெரியாது,
அதன் வேலையை மூன்று புதியவர்கள்
பங்கு போட்டுச் செய்துகொண்டிருப்பார்கள்.
பழைய பூட்டு கையில் கனக்கிறது.
எந்தக் கதவில் மாட்ட?

கொதிகலன் ஷிப்டிலிருந்து கிர்ட்ஸ்
கம்பு ரொட்டியும் புகைமீனும் கொண்டுவருவான்.
“இது எதைக் காக்கிறது?”
“உன் வால்வுகளை.”
“யாரிடமிருந்து?”
“அவன் வந்தால் தெரியும்.
வந்தது தெரியாமலும் போகலாம்.”
அவன் மீனின் முள்ளைப் பிரித்தபடி
கொஞ்ச நேரம் யோசித்தான்.
“என் கொதிகலன் பரவாயில்லை.
வெடித்தால் சத்தம் கேட்கும்.”

இன்று மாலை ஒரு கடிதம்,
உருகுவேயிலிருந்து.
பைசாண்டூவில் ஒரு தானியக் கிடங்கு;
சோளம் உலர்த்தும் சூட்டைப் பார்க்கும் கணினியில்
அவளுடைய பிரதியைத்தான் ஓட்டுகிறாராம்
எலெயுதேரியோ பிடெகைன்.
அவரை அவளுக்குத் தெரியாது.
பிரதியை எடுத்தார் என்பதும் தெரியாது.

உங்கள் ஆகஸ்ட் ஒட்டு.
நினைவக எல்லையைச் சோதிக்கும் வரி.
‘சிறியது’ என்றால் போதும்.
‘சிறியது அல்லது சமம்’ என்றிருக்கிறது.
அங்கே கோடை சுகமா?

கோடையா?
அவள் எழுந்து தண்ணீர் குடித்தாள்.
பழைய மூலத்தைத் திறந்தாள்.
அதில் சரியாகவே இருக்கிறது.
இரவு இரண்டு மணிக்கு, கை மாற்றி எழுதும்போது,
இரண்டு சிறு கோடுகள்
அவள் விரலிலிருந்து விழுந்திருக்கின்றன.

பயிரை மேயும் வேலி என்பார்கள்.
இது மேயக்கூட இல்லை.
ஐந்து மாதம் படலைத் திறந்து போட்டுவிட்டு
நிமிர்ந்து காவல் நின்றது.
ஒட்டுக்கும் ஓட்டைக்கும்
ஒரு சுழி தூரம்.

சமக்குறியை அழித்தாள்.
மாற்றக் குறிப்பில் இதுவரை பெயர் போட்டதில்லை.
இன்று போட்டாள்:
தவறு, அவுஸ்மா காக்டே.
கண்டது, பிடெகைன்.

பிறகு நாற்பத்தொன்றுக்குத் திரும்பினாள்.
அதில் ஒன்பது துண்டுகள்
ஒட்ட மறுத்ததற்குக் காரணமே வேறு:
அந்தக் காவலைக் கர்னலே இப்போது
வேறு யாரோ எழுதிய வரிகளில்
கட்டி வைத்திருக்கிறது.
முதலில் நம்பவில்லை. மூன்று முறை படித்தாள்.
ஒன்பதையும் நீக்கினாள்,
கடன் அடைந்த பத்திரத்தைக் கிழிப்பதுபோல்.

தொகுப்பு முடிய நாற்பத்தேழு நிமிடம்.
நாலு பத்துக்கு மறுதொடக்கம்.
திரை கறுத்த தொண்ணூறு வினாடியும்
கிர்ட்ஸ் கீழே
அழுத்தமானியைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
வெந்நீர் தன்பாட்டுக்கு ஓடியது.
ஐந்தாம் மாடிகளில் யாரும் புரண்டுகூடப் படுக்கவில்லை.

நன்றி எழுதிய ஐந்தாம் நிமிடம்
பைசாண்டூவிலிருந்து பதில்:
பிப்ரவரிப் பிரதி எப்போது?

அவள் ரொட்டியைப் பிய்த்தாள்.
மீன் இன்னும் பாதி இருந்தது.