நான்காவது முறைக்கான காலணி

மூன்று முறை தோற்ற உடைகள்
மூன்றும் கட்டிலில் கிடக்கின்றன.

முதலில் அந்தக் கறுப்புப் பாவாடை.
வங்கிக்கும் சாவு வீட்டுக்கும் போட்டுப் போவது.
மரியாதையாகத் தெரியட்டுமே என்று அதற்குள் புகுந்தேன்.
கிளட்சுக்குக் கால் நீண்டபோது
தையல் வாய் திறந்தது.
அதன் பின் அரை மணி நேரமும்
பக்கக் கண்ணாடியை நான் பார்க்கவே இல்லை,
தொடையைத்தான் பார்த்தேன்.

இரண்டாம் முறை, மீன் ஆலையிலிருந்து நேரே, பூட்ஸோடு.
இரண்டு அங்குல ரப்பர்.
அதற்குக் கீழே பிரேக் இருந்தாலும் ஒன்றுதான்
செத்த நண்டு இருந்தாலும் ஒன்றுதான்.
ரவுண்டானாவில் மூன்று தடவை வண்டி நின்றது.
பின்னால் ஒரு செம்மறியாட்டு லாரி.
டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை.
ஆடுகள் பார்த்தன, அதுவே போதும்.

மூன்றாம் முறை
நாத்தனார் பின்னிய கம்பளி மேலங்கி, கழுத்துச் சால்வை.
வேர்த்து, மூச்சு வாங்கி
முன்கண்ணாடி முழுக்க என் ஆவி.
விக் துறைமுகத்தை அன்று
ஞாபகத்திலிருந்துதான் ஓட்டினேன்.

ஆள் பாதி ஆடை பாதி என்கிறார்கள்.
சரி.
கிளட்ச் எந்தப் பாதியில் வருகிறது?

அதனால் நேற்றிரவு
சமையலறையில் நானே ஒரு தேர்வு வைத்தேன்.
தரையில் ஒரு பென்னிக் காசு.
வீட்டிலிருக்கும் செருப்பு, ஷூ, எல்லாவற்றையும்
ஒவ்வொன்றாக மாட்டிக் காசை மிதித்தேன்.
எது எனக்குக் காசைச் சொல்கிறதோ
அது நாளைக்கு.

பூட்ஸ் ஒன்றும் சொல்லவில்லை.
ஞாயிற்றுக்கிழமை ஷூ முணுமுணுத்தது.
வெறுங்காலுக்குத் தலையா பூவா என்றுகூடத் தெரிந்தது
ஆனால் இங்கே ஜனவரி,
வடக்குக் கடலிலிருந்து வரும் காற்று
கால்விரல்களை எண்ணி எடுத்துக்கொண்டு போகும்.

"பைத்தியம்," என்றார் டார்க்வில்
காபிக் கோப்பைக்குப் பின்னாலிருந்து.
பைத்தியம்தான்.
நாலரை மணிப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள்,
ஐந்து மணி ஷிப்டை யாரும் நிறுத்தவில்லையே.

ஜெயித்தது மகளின் பழைய துணி ஷூ.
பள்ளியில் உடற்பயிற்சிக்கு வாங்கியது,
உள்பக்கம் மையில் ரோனா என்று எழுதியிருக்கிறது.
இடது சுண்டுவிரல் கொஞ்சம் கடிக்கிறது.
காசோ கணீரென்று கேட்கிறது.

மேலே பழைய நீலச் சட்டை.
அதன் கை தொளதொளத்து
இண்டிகேட்டரில் மாட்டும் ரகம் என்பதால்
சிங்கி இறாலின் கொடுக்கில் போடும் ரப்பர் வளையம்
மணிக்கட்டுக்கு ஒன்று.

காலையில் பெயரைக் கூப்பிட்டார்கள், செங்கா கன்.
ஆக்னஸ் என்ற பாட்டுக்காரச் சித்தியின் பெயரை
எழுத்தைத் தலைகீழாக்கி எனக்கு வைத்தார்கள்.
அதனாலோ என்னவோ
ரிவர்ஸ் மட்டும் எனக்கு எப்போதும் நன்றாக வரும்.

தேர்வாளரின் கோட்டில்
பொத்தான் எல்லாம் ஒரு துளை தள்ளிப் போயிருந்தது.
கழுத்தருகே ஒரு துளை மீந்து நின்றது.
இருட்டில் உடுத்திக் கிளம்பியவர்.
எனக்குச் சட்டென்று மூச்சு இலகுவானது.

"கண்ணாடியில் ஆவி படிந்தால் எப்படிப் போக்குவீர்கள்?"
இதை என்னிடமா கேட்பது!
பொத்தானை அழுத்திக் காட்டினேன்,
முதலில் சால்வையை வீட்டில் விட்டு வருவேன் என்றும் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.

பிறகு ரவுண்டானா.
மெல்லிய அடியின் கீழே கிளட்ச் ஏறி வந்து
ஓரிடத்தில் லேசாக நடுங்கியது,
காசு மாதிரி.
இங்கேதான் இருந்தாயா நீ, இத்தனை நாளும்.

நாற்பது நிமிடம்.
வண்டியை நிறுத்தியதும் அவர் குனிந்து எழுதினார்.
எழுதுகையில் தன் கோட்டைக் கவனித்துவிட்டார்.
எல்லாப் பொத்தானையும் கழற்றி
கீழேயிருந்து மறுபடி மாட்டினார்.
அது முடிகிறவரை நான் காத்திருந்தேன்.
அப்புறம்தான் சொன்னார்.

ரோனா ஷூவைத் திருப்பிக் கேட்கிறாள்.
அது வண்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.
விடியற்காலை நாலரைக்கு
பக்கத்து இருக்கையில்
பூட்ஸ் உட்கார்ந்து வருகிறது.