பத்தொன்பது டாலர் தொண்ணூற்றைந்து

ஆர்லிஸ் தன் ரீலைப் பற்றிப் பேசத் தொடங்கினால்
அணையில் மதகு திறந்த மாதிரி.
பத்து பேரிங்காம். மக்னீசிய உடம்பாம்.
எண்ணெய்கூடக் கேட்காதாம்.
நான் உம் கொட்டிக்கொண்டே
என்னுடையதைத் தொடையில் தட்டுகிறேன்.
ஜனவரிக் காலையில் அதன் கைப்பிடி இறுகிக்கொள்ளும்,
ஆர்கன்சா நதிக்கரையில்
என் விரல்களும் அப்படித்தான்.

கோழி ஆலையில் முதல் சம்பளம் வாங்கிய வெள்ளிக்கிழமை,
டயர் கடைக்கு அடுத்த கடை.
கண்ணாடி அலமாரிப் பக்கமே நான் போகவில்லை.
கொக்கியில் தொங்கிய பிளாஸ்டிக் கூடு,
அட்டையில் துள்ளுகிற மீன்
(அந்த மீன் இந்த நதியிலேயே கிடையாது),
பத்தொன்பது டாலர் தொண்ணூற்றைந்து சென்ட்.
நரம்பு இலவசம்.
அந்த இலவச நரம்பை அன்றைக்கே உருவி எறிந்துவிட வேண்டும்,
இந்தக் கருத்தை நான் மாற்றிக்கொள்ளப்போவதில்லை.
மலிவான ரீலைப் பொறுத்துக்கொள்ளலாம்.
மலிவான நரம்பை நம்பினால்
வீட்டுக்குக் கதைதான் போகும், கெளுத்தி போகாது.

இன்னொன்றும் சொல்வேன்.
கடையில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
"வெண்ணெய்" என்கிறவனை நம்பாதே.
கடையில் எல்லாமே வெண்ணெய்.
மணல் புகுந்த பிறகு சுற்றிப் பார்.
வளையக் கம்பியைக் கையால் மூடு,
கைப்பிடியைச் சுற்றி மூடினால்
ஸ்பிரிங் இரண்டு கோடைக்குமேல் தாங்காது.

எனக்குத் தாங்கவில்லை.
பேனா ஸ்பிரிங் போட்டேன், ஓடியது.
அப்புறம் ட்ராக் செத்தது:
குமிழை எவ்வளவு தளர்த்தினாலும்
நரம்பு ஓர் அங்குலம் நகராது.
அப்புறம் கைப்பிடி பின்னால் ஓடாமல் தடுக்கிற பல் உடைந்தது.
யோசித்தால் அது நல்லதாயிற்று.
குமிழை முழுக்க இறுக்கிவிட்டு,
மீன் ஓடினால் நானே பின்னால் சுற்றிக் கொடுப்பேன்,
நின்றால் முன்னால்.
பிடி நழுவினால் மட்டும் கைப்பிடி விசிறியாகி
விரலைப் பதம் பார்த்துவிடும்.

கருநீலமான நகங்களைப் பார்த்து
சூப்பர்வைசர் ட்வைலா கேட்டாள்,
"வீட்டில் எல்லாம் சரிதானே?"
"ரீல் அடித்தது."
அவள் நம்பவில்லை.
துண்டுச்சீட்டில் ஒரு தொலைபேசி எண் எழுதி
என் கையுறைக்குள் செருகினாள்.
தூண்டில் பெட்டியில் ஈயக்குண்டுகளுக்கு அடியில் கிடந்தது அது.
இரண்டு வருஷம் கழித்து
எலும்பு நீக்கும் வரிசையில் நின்ற ஒருத்திக்குத் தேவைப்பட்டது.

போன அக்டோபரில்,
அணைக்குக் கீழே நுரை ஓய்கிற இடத்தில்,
"ஒரு நிமிஷம் பிடி" என்று
நானூறு டாலரை என் கையில் கொடுத்துவிட்டு
ஆர்லிஸ் மாத்திரை எடுக்க வண்டிக்குப் போனார்.
கை சும்மா இருக்குமா?
குமிழை முழுக்க இறுக்கியது.
அப்போதுதான் அது கவ்வியது.
நதியின் அடித்தளமே எழுந்து நடப்பது போல இழுப்பு.
பின்னால் சுற்றினேன்.
சுற்றவில்லை.
பின்னால் போகவே போகாத உத்தம ரீல்.
நரம்பு அறுந்த சத்தம்
வண்டிவரை கேட்டிருக்கிறது.

ஆர்லிஸ் திட்டவில்லை.
குமிழைத் தொட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"உன்னுடையதைக் காட்டு."
காட்டினேன்: முன்னால், பின்னால்.
சாவி கொடுத்த பொம்மையைப் பார்க்கிற பையன் மாதிரி பார்த்தார்.
"நான் ஒரு தடவை வீசட்டுமா?"

மூன்றாவது வீச்சில் சின்னக் கெளுத்தி ஒன்று.
பெரிதாக இழுக்கக்கூட இல்லை,
கைப்பிடி போய் அவர் முட்டியில் விழுந்தது.
ஞாயிற்றுக்கிழமை சொல்லக்கூடாத ஒரு வார்த்தை சொன்னார்.
அன்று ஞாயிறு.

"பழக எவ்வளவு நாளாயிற்று?"
"மூணு நகம்."

கையை உதறிக்கொண்டே
மறுபடி வீசினார்.